இலுப்பையும் நிய்யத்தும்

காரைக்குடிக்கு அருகே இலுப்பைக்குடி என்றோர் ஊர் உண்டு. நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்று அமைந்த அவ்வூர், தன் பெயரிலேயே ஒரு மரத்தைச் சுமந்து நிற்கிறது. மண்ணெண்ணெயும் மின்சாரமும் வருமுன் தமிழகத்தில் எத்தனையோ கோயில்களிலும் வீடுகளிலும் விளக்கெரித்தது இலுப்பை எண்ணெய். எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தனர் நம் பாட்டிமார்.

இம்மரம் அவசரக்காரர்களுக்கு உரியதன்று. விதையிட்டுப் பத்தாண்டளவு காத்திருந்தால்தான் காய்ப்புக் காணலாம்; நிறைந்த விளைச்சலுக்கு இன்னும் நெடுங்காலம் வேண்டும். பருப்பின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெயே. ஆயினும், நடுவயதில் நடுகிறவர் செக்கிலிருந்து அது வழிவதைக் காண்பது ஐயந்தான். அப்படியாயின் அவர் யாருக்காக நட்டார்?

முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாகும் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது. முஸ்லிமின் ஓர் அறிவிப்பில், அதிலிருந்து திருடப்பட்டதும் தர்மமே என்று வருகிறது. இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று கற்றவர்கள் நாம். திருடனுக்கென்று எவரும் மரம் நடுவதில்லையே! நட்டவரின் நிய்யத்து நடுவதோடு நிறைவுறுகிறது போலும். பயன் யாரைச் சேர்வதென்பது அவர் கையில் இல்லை.

இலுப்பை பூக்கும் மார்ச், ஏப்ரல் இரவுகளில் வௌவால்கள் அதை நாடி வருகின்றன. பின்னர் பழத்தைத் தூக்கிச் சென்று விதையை வேறிடத்தில் போடுகின்றன. (பாட்டனார் நட்டதென்று நாம் பெருமை பேசும் மரங்களுள் சில, வௌவால் நட்டவையாகவும் இருக்கலாம்!)

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறவுக் குடும்பம் ஒன்றில் பாகப்பிரிவினை நடந்தது. ஷரீஅத் முறைப்படி ஒவ்வொருவர் பங்கும் பிசகாமல் கணக்கிடப்பட்டது. பாட்டனார் நட்டு, இப்போது எல்லையில் அகப்பட்ட இலுப்பையை மட்டும் பிரிக்க இயலவில்லை. மரவியாபாரிக்கு விற்றுப் பணத்தைப் பிரித்தார்கள். அச்சபையில் நாமும் இருந்தோம். கணக்குச் சரியென்று தலையசைத்தோம்.

சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால், எண்ணாத பறவை உண்டதும் நட்டவர் ஏட்டில் நன்மையாக எழுதப்படுமாயின், எண்ணாமலே வௌவாலின் இரையைப் பறித்தது எவர் ஏட்டில் எழுதப்படும்? அறியாமல் செய்ததற்கு மன்னிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆயினும் பாட்டனாருக்கு அம்மரம் நிற்கும்வரை தர்மம் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் சொத்தைப் பங்கிட்ட நாம், அவருக்கென எஞ்சியிருந்த பங்கையும் அல்லவா விற்றுவிட்டோம்!

அடிக்கட்டை மறு ஆண்டே துளிர்த்தது. அதை விட்டுவைப்பதா, பெயர்த்துவிட்டு எல்லைக்கல் ஊன்றுவதா என்று பங்காளிகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.