தூளாகிய மது

ஐக்கிய அமெரிக்காவிலே 2015 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் 'பால்கஹோல்' என்னுந் தூள்மதுவின் உறைச்சீட்டுகளை மத்திய அரசாங்கம் அங்கீகரித்தது. மாப்பொருளிலிருந்து ஆக்கப்படுஞ் சைக்குளோடெக்ஸ்திரின் மதுசாரத்தைத் தன்னகத்தே அடக்கத் தூள் உண்டாம். நீரிற் கரைப்பின் மது மீளும். சிறுவர் எளிதில் ஒளித்துவைப்பரென அஞ்சி மாநிலங்கள் பல அதனைத் தடுத்தன. தடுத்தமை நன்றே. ஆயினும், அம்மாநிலங்களிலே வயதுவந்தோர்க்குப் போத்தல் மது விற்கப்படுகின்றது. அங்ஙனமாயின், தீமை மதுவின்கண் உள்ளதோ, மறைத்தற்கெளிய வடிவின்கண் உள்ளதோ?

வடிவு மாறினும் மயக்குந் தன்மை மாறாது. சட்டம் கண்ட வடிவையே தடுக்கும். காணாத வடிவுக்கு அறிவே காவல். நாமோ பல்லாண்டுகளாகக் கரும்பலகையிலே போத்தலை வரைந்து, "இது தீது" என்றோம். தீதாதற்குக் காரணத்தை விளக்கினோமல்லேம். தூளைக் காணும் மாணாக்கன் நாம் வரைந்த படத்தை அதிலே காணான். ஆசிரியன்மாரே, இனியேனுங் காரணத்தைக் கற்பிப்போமாக.