ஒருக்களித்த கதவு

போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். ராத்திரி குடும்ப ஜெபத்தில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்தப் பையன் கணக்கை ஒழுங்காகப் போட வேண்டும், டிபன் பாக்ஸில் சோறு மிச்சம் வைக்கக் கூடாது, அக்காவோடு சண்டை போடக் கூடாது" என்று உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஏழு வயதுக்காரன் ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டான்: "ஏம்மா, நீ இயேசப்பாகிட்ட பேசறியா, எங்கிட்ட பேசறியா?"

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலில் பத்துத் தடவை சொல்லியும் எடுபடாத வசவை ராத்திரியில் ஆண்டவர் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். போஸ்ட்மேன் வேலைக்கு அவரை வைத்திருந்தேன்.

பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க நாங்கள் ஒன்றும் குறை வைக்கவில்லை. சண்டே ஸ்கூல், மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, மனப்பாட வசனப் போட்டி, பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர். இவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே பிள்ளையை எதிரில் உட்கார வைத்து ஊட்டுகிற காரியங்கள். எனக்கு விசுவாசம் அப்படி வரவில்லை. ஒட்டுக்கேட்டு வந்தது.

என் அமுச்சி, அம்மாவின் அம்மா, ஈரோட்டுக்காரர். விடியற்காலையில் எழுந்து, அடுப்பு மூட்டும் முன் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு ஜெபிப்பார். பரீட்சை லீவுக்குப் போயிருக்கும் நான் தூங்குகிற மாதிரி பாயில் படுத்திருப்பேன். ஆரம்பம் எப்போதும் வேதாகமத் தமிழில்தான் இருக்கும். 1871இல் வந்த திருப்புதலைத்தான் எங்கள் சபைகளில் பெரும்பாலும் இன்னும் வாசிக்கிறோம். ஆண்டவர் அதில் 'நீர்'. கொங்கு நாட்டில் யாரும் யாரையும் 'நீர்' என்று கூப்பிடுவதில்லை, அவர் ஒருவரைத் தவிர. அமுச்சிக்கு அந்தத் தமிழ் இரண்டு நிமிடம் தாங்கும். அப்புறம் கரைந்துவிடும். "பெரியவனுக்கு மில்லுல வேல நிக்குமான்னு தெரியலீங்க. பாத்துக்குங்க சாமி. நேத்து குழாயடில அந்தப் பொம்பளைய அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க."

குழாயடியில் அமுச்சி பேசியதை நானும் கேட்டிருந்தேன். தெருவே கேட்டது. அதே வாய் இருட்டில் ஒருவரிடம் 'ங்க' போட்டு ஒப்புக்கொள்வதைக் கேட்டது நான் மட்டும்தான். பிறகு பேரப்பிள்ளைகள் வரிசையாக வருவோம். என் பெயர் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். என்மேல் ஒரு புகாரும் இருக்காது. காய்ச்சல் விட்டதற்கு நன்றி, அவ்வளவுதான்.

ஜெபம் முடிந்து உலைக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போடுவார். கைப்பிடி அரிசிக் காணிக்கை. மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும். பானை தட்டுகிற நாட்களிலும் அந்தச் சட்டியில் ஒரு பிடி விழுந்தது. அன்றைக்குப் பிடி கொஞ்சம் சின்னதாக இருக்கும். அதையும் பார்த்திருக்கிறேன்.

அதே ஈரோட்டில், போன நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் மிஷனைச் சேர்ந்த எச். ஏ. பாப்லி என்ற வெள்ளைக்காரர் இருந்தார். நம் சங்கீதத்தைக் கற்றுக்கொண்டு, சுவிசேஷத்தைக் கதாகாலட்சேபமாகச் சொன்னவர். 1921இல் இந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார். 1931இல் குறளில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்து வெளியிட்டார். காதுக்குப் பழகிய மெட்டில் வந்தால்தான் உள்ளே இறங்கும் என்பது அவருக்குப் பிடிபட்டிருக்கிறது. 1950இல் எங்கள் கோவைத் திருமண்டலத்தின் முதல் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே பார்த்து 1927இல் ஒரு நூல் எழுதியவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்தவர்தான். ஆனால் அவருடைய அப்பா சைவத்திலிருந்து வந்த வழக்கறிஞர். வயதான காலத்தில் தியானத்தில் உட்கார்ந்தவர். மகனின் புத்தகத்துக்கு வேர் ஆக்ஸ்ஃபோர்டைவிட அந்த அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில்தான் இருக்கும் என்பது என் யூகம்.

உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் எப்போதெல்லாம் பேச வேண்டும் என்று நாலு வேளை சொல்லியிருக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கையில், வழியில் போகையில், படுக்கையில், எழுந்திருக்கையில். குடும்ப ஜெபம் என்று தனியாக ஒரு வேளை அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனையோ தடவை வாசித்தும் இது என் கண்ணில் பட்டதில்லை.

பையன் கேட்ட பிறகு, அவனுக்காக அல்லாமல் எனக்காக ஜெபித்துப் பார்த்தேன். லேசில் வரவில்லை. பிள்ளைகள் முன்னால் தாய் தன் தப்பைச் சொல்வதாவது! நான் உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒரு நாள், "சரக்கு கிளம்பிருச்சுன்னு ஒரு விவசாயிகிட்ட பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்று முணுமுணுத்தேன். மறுநாள் சாயங்காலம் போத்தனூர் போகிற வழியில், ஸ்கூட்டருக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது: "அந்த அங்கிளுக்கு போன் பண்ணிட்டியா?" வண்டியை ஓரங்கட்டி அங்கேயே பண்ணினேன். வேறு வழி?

மூத்தவள் விஷயம் வேறு. ஒன்பதாவது படிக்கிறாள். இந்த வருஷம் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்புக்குப் பெயர் கொடுக்கவில்லை. "எனக்கு இன்னும் தெரியலம்மா" என்றாள். என் வயிறு கலங்கியது. அவள் ஆத்துமாவை நினைத்துப் பாதி, கோயிலில் நாலு பேர் கேட்பார்களே என்று பாதி. எந்தப் பாதி பெரியது என்று கேட்காதீர்கள். ஆயரிடம் சொன்னபோது அவர் பதறவே இல்லை. "தெரியாததைத் தெரியும்னு சொல்லலையே. விடுங்க" என்றார்.

இப்போதெல்லாம் அவள் ஜெபத்துக்கு வந்து உட்காருவதில்லை. உள்அறையில் படித்துக்கொண்டிருப்பாள், கதவு ஒருக்களித்திருக்கும். வா என்று நான் கூப்பிடுவதும் இல்லை, கதவைச் சாத்துவதும் இல்லை.

பக்கத்து வீட்டு ஆயா மார்கழியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் வீட்டுக்கு ஒப்புட்டு அனுப்புகிறவர்; கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று வருஷா வருஷம் கேட்டுவிட்டு, இருந்தாலும் சாப்பிடுகிறவர். அவர் பெயர் எங்கள் ஜெபத்தில் தினமும் வரும். போன வாரம் ஒரு நாள், ஆண்டு முடிவுக் கணக்கு வேலையில் தலை கிறுகிறுத்து, அவசரமாக ஆமென் சொல்லி எழப் போனேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆயாவ விட்டுட்டம்மா."

மறுபடியும் முழங்காலில் நின்றேன்.