எதிர்ப்பாரில்லாத சபை

ஒரு சபையில் அமர்ந்திருப்போர் யாவரும் ஒரே அபிப்பிராயம் உடையவராய் இருப்பது நன்றா, தீதா? இக்கேள்வியை எவரிடம் கேட்பினும் சற்றும் தயங்காமல் "நன்றே" என்று விடை கூறுவர். பூசலும் பிளவும் கண்டு சலித்த நம்மவர்க்கு ஒற்றுமை என்னும் சொல்லே இனிக்கிறது. சங்கங்களின் ஆண்டறிக்கையில் "ஏகமனதாக நிறைவேறிற்று" என்னும் வரியைக் காணும்போது நாமும் பெருமிதம் கொள்கிறோம். அவ்வாறு நிறைவேறிய தீர்மானத்தில் எத்தனை மனங்கள் உண்மையில் கலந்துகொண்டன என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அதனை எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம். உதாரணத்துக்கு இங்கிலாந்து தேசத்து மான்செஸ்டர் நகரசபைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம்.

மான்செஸ்டர் நகரசபையின் அங்கத்தினர் தொகை 96. நகரம் 32 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரம் ஒன்றுக்கு மூவராக அவர்கள் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். மூவரையும் ஒரே நாளில் தெரிந்தெடுப்பது வழக்கமன்று; நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் தேர்தல் நடக்கும்; ஒவ்வொரு தேர்தலிலும் வட்டாரத்துக்கு ஓர் இடம் நிரப்பப்படும். 2010ஆம் ஆண்டில் இச்சபையில் தொழிற்கட்சியார் பெரும்பான்மையினராய் இருந்தனர். லிபரல் டெமாக்ரட் கட்சியாரோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடங்களில் எதிர்க்கட்சியாக அமர்ந்திருந்தனர். அவ்வாண்டிலேயே அக்கட்சியின் தலைவர்கள் லண்டனில் கன்சர்வேட்டிவ் கட்சியாருடன் கூடி மந்திரிசபை அமைத்தனர். பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த இணங்கோம் என்று மாணவர்க்குக் கொடுத்த வாக்கையும் கைவிட்டனர். லண்டனில் செய்த பிழைக்கு மான்செஸ்டரில் தண்டனை கிடைத்தது. 2011, 2012, 2014 ஆகிய ஆண்டுகளின் தேர்தல்களில் அவர்கள் இடங்கள் ஒவ்வொன்றாய்ப் பறிபோயின. 2014ஆம் ஆண்டு மே மாதத் தேர்தல் முடிந்தபோது, எதிர்க்கட்சி எதன் சார்பிலும் அச்சபையில் ஒருவரேனும் இல்லை.

இந்நிலை ஈராண்டு நீடித்தது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் டிட்ஸ்பரி மேற்கு வட்டாரத்தில், முன்னாள் பார்லிமெண்டு அங்கத்தினரான ஜான் லீச் என்பவர் லிபரல் டெமாக்ரட் அபேட்சகராக நின்று வென்றார். அதன்பின் 95 பேருக்கு எதிரே ஒருவர் அமர்ந்தார்.

இதில் கள்ள வாக்கு இல்லை, மிரட்டலும் இல்லை. சட்டப்படி நடந்த தேர்தலில், ஜனங்கள் தாமே அளித்த வாக்கினாலேயே இது விளைந்தது. ஒரு கற்பனைக் கணக்கினால் இதனை விளக்குவோம். வட்டாரம் ஒன்றுக்கு 1,000 பேர் வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். 32 வட்டாரங்களிலும் ஒரு கட்சிக்கு 550 வாக்கும் மற்றொன்றுக்கு 450 வாக்கும் விழுமாயின் என்ன நேரும்? முதற்கட்சி 32 இடங்களையும் பெறும். மற்றக் கட்சிக்கு வாக்களித்த 14,400 பேர்க்குச் சபையில் ஒரு நாற்காலியும் இராது. அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்னும் எளிய விதி, வட்டாரந்தோறும் நியாயமாகவே நடந்து, நகரம் முழுவதையும் சேர்த்துப் பார்க்குங்கால் அநியாயமாய் முடிகிறது. பார்லிமெண்டுத் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் ஆங்கில நகரங்களின் வாக்காளரில் பாதிப் பேர் கூட வாக்குச்சாவடிக்கு வருவதில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இந்நகரம் யாது என்பதையும் நோக்குவோம். 1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் செயின்ட் பீட்டர் திடலில் சுமார் 60,000 ஏழை மக்கள் கூடி, தமக்குப் பார்லிமெண்டில் பிரதிநிதித்துவம் வேண்டுமென்று கேட்டனர். குதிரைப்படை அவர்கள்மீது பாய்ந்தது. குறைந்தது 15 பேர் மாண்டனர்; நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். பீட்டர்லூ படுகொலை என்று சரித்திரம் கூறுவது இதுவே. அக்காலத்தில் மான்செஸ்டருக்குத் தனிப் பார்லிமெண்டு அங்கத்தினரும் இல்லை. தேர்ந்தெடுத்த நகரசபையும் இல்லை. பழைய ஜமீன் உரிமைப்படி பிரபு குடும்பத்தின் மன்றமே ஊர்க்காரியம் பார்த்தது. ரிச்சர்டு காப்டன் முதலியோர் முயன்றதால் 1838ஆம் ஆண்டில் நகரசபை பிறந்தது. 1846ஆம் ஆண்டில் அந்த ஜமீன் உரிமையை 2,00,000 பவுன் கொடுத்து நகரத்தார் வாங்கினர். எங்கள் குரலும் கேட்கப்படுதல் வேண்டும் என்று உயிர் கொடுத்தவர்களின் ஊரில், ஒரு குரல் மட்டுமே கேட்ட சபை அமைந்தது என்பது நம்மைச் சிந்திக்கச் செய்கிறதன்றோ?

ஒரு கட்சி ஆட்சிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களையும் மறைக்காமல் எடுத்துரைப்பது நம் கடமை.

முதலாவது, அந்நகரம் அக்கட்சியின் கீழ்ச் சீரழியவில்லை. 1996ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் அயர்லாந்துப் புரட்சிப் படையார் வைத்த வெடிகுண்டு மான்செஸ்டரின் நடுப்பகுதியைச் சிதைத்தது. 200க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். உயிர்ச்சேதம் நேராதது அதிசயமே. அவ்வாண்டில் நகரசபைத் தலைமையை ஏற்ற ரிச்சர்டு லீஸ் 2021ஆம் ஆண்டு வரை, 25 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். இடிந்த நகரம் புதிதாய் எழுந்தது. 2002ஆம் ஆண்டில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. ஆண்டுக்கொரு தலைவர் மாறியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான்.

இரண்டாவது, ஒரு கட்சிக்குள்ளேயே பல கருத்தினர் உளர். அவர்கள் தமக்குள் வாதாடுகின்றனர். எதிர்க்கட்சி எதற்கு என்பர். இதுவும் முற்றும் பொய்யன்று. ஆனால் அந்த வாதம் எங்கே நடக்கிறது? நகரசபை கூடுமுன் கட்சியார் தனியே கூடுகின்றனர். அங்கே பேச வேண்டியதைப் பேசி முடித்துக்கொண்டு, சபைக்கு வந்து ஒன்றாகக் கை தூக்குகின்றனர். வரி கொடுக்கும் குடிமகன் அந்த அறைக்குள் நுழைய முடியாது. தனக்காகப் பேசியவர் யார், தன்னைக் கைவிட்டவர் யார் என்பதை அவன் அறிய வழியில்லை. மூடிய அறையில் நடந்த வாதம் எவ்வளவு நேர்மையாயினும் குடிமகனுக்கு அது நடவாதது போன்றதே.

முதல் நியாயத்துக்கு விடை கூற நம் தொழிலிலிருந்தே ஒரு செய்தியைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். நாம் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. பல ஆண்டுகள் நம் கணக்கில் பிழை என்று ஒருவரும் சொன்னதில்லை. அதனால் நம் கணக்கில் பிழையே இல்லை என்று நாமே நம்பியிருந்தோம். ஒரு சம்பள நாளில், உதிரிப் பழம் பொறுக்கும் அம்மாள் ஒருவர் நம்முன் வந்து, "கிராணி ஐயா, செவ்வாய்க்கிழமை ஏழு மூட்டை கட்டினேன், ஆறுதான் போட்டிருக்கிறது" என்றார். நமக்குக் கோபம் வந்தது. வரிசையில் நின்றவர் சிலர் அவரை அதட்டினர். அவர்கள் நம்மிடம் நல்ல பெயர் வாங்க விரும்பியவர்கள். அம்மாள் நகரவில்லை. வேறு வழியின்றிப் புத்தகத்தைப் புரட்டினோம். அவருடைய ஒரு மூட்டை அடுத்த பெயருக்கு நேரே விழுந்திருந்தது. அதற்கு முன் சென்ற ஆண்டுகளில் எத்தனை மூட்டைகள் அவ்வாறு இடம் மாறினவோ, எத்தனை பேர் வாய் திறவாது சென்றனரோ, நாம் அறியோம். அன்று முதல் கணக்கை உரக்கப் படித்த பின்பே கையெழுத்திடுகிறோம்.

நாம் திருடவில்லை, யாருக்கும் தீங்கு நினைத்ததும் இல்லை. எனினும் நம் பிழை நம் கண்ணுக்குத் தெரியவில்லை. நல்லவர் கையில் அதிகாரம் இருக்கிறது, ஆகவே இடித்துரைப்பார் வேண்டியதில்லை என்பவர்க்கு இதுவே நம் மறுமொழி. நல்லவர்க்கும் தம் முதுகு தெரியாது. நகரம் செழித்தது என்று கணக்குக் காட்டலாம். அச்செழிப்பில் யாருடைய மூட்டை யாருடைய பெயரில் விழுந்தது என்று வரிசையில் நின்று கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.

இனிக் கடினமான கேள்விக்கு வருவோம். மான்செஸ்டர் வாக்காளர் ஒருவர் தொழிற்கட்சியின் கொள்கையே சிறந்ததென்று மனமார நம்புகிறார் என்க. சபையில் எதிர்க்கட்சி இல்லையே என்பதற்காக அவர் தம் நம்பிக்கைக்கு மாறாக மற்றொருவர்க்கு வாக்களித்தல் தருமமா? வாக்கு என்பது மனச்சாட்சியின் சொல். நம்பாத ஒன்றைச் சொல்வது பொய்யாகாதா?

ஆகாது என்பதே நம் எண்ணம். ஆயினும் ஒரு வரையறையுடன். வாக்காளர் ஒரு மனிதரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு சபையையும் அமைக்கிறார். ஆள்வோர்க்கு 90 பேர் போதும், கேட்பதற்குச் சிலர் வேண்டும் என்று அவர் உண்மையாகவே கருதினால், நேர்மையுள்ள ஒரு கேள்வியாளர்க்கு அவர் இடும் வாக்கு அவருடைய மெய்யான அபிப்பிராயமே. ஆனால் எதிர்த்து நிற்பவர் தகுதியற்றவரானால், எதிர்ப்பு என்னும் பெயருக்காக அவரை ஏற்றுதல் மடமை. பொய்யான காவற்காரன் இருப்பதைவிடக் காவல் இன்மையே மேல். காவல் இல்லையென்று தெரிந்தால் வீட்டார் தாமே விழித்திருப்பர்.

இப்பாரத்தை வாக்காளர் தலைமீது மட்டும் சுமத்துவதும் முறையன்று. விதியை மாற்றலாம். ஸ்காட்லாந்தில் 2004ஆம் ஆண்டு இயற்றிய சட்டப்படி, 2007ஆம் ஆண்டு முதல் நகரசபைத் தேர்தல்களில் வாக்காளர் அபேட்சகர்களை 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசைப்படி குறிக்கின்றனர்; இடங்கள் வாக்குகளுக்கு ஏறக்குறைய ஒத்த அளவில் பகிரப்படுகின்றன. கிளாஸ்கோ நகரசபையில் அக்காலத்தில் 79 இடங்கள் இருந்தன. 2003ஆம் ஆண்டில் பழைய முறைப்படி தொழிற்கட்சி அவற்றுள் 71 பெற்றது. 2007ஆம் ஆண்டில் புதிய முறைப்படி 45 பெற்றது. அப்போதும் அக்கட்சியே பெரும்பான்மை. ஆனால் அதற்கு எதிரே 34 பேர் அமர்ந்தனர். ஆளும் உரிமையும் போகவில்லை. கேட்கும் குரலும் மடியவில்லை.

எல்லாவற்றினும் மேலான கடமை வென்றவர்களுடையது. ஆங்கில நாட்டுச் சபை வழக்கப்படி, ஒருவர் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தால் மற்றொருவர் வழிமொழிதல் வேண்டும். வழிமொழிவார் இல்லையேல் அது விவாதத்துக்கே வராது. 95 பேருக்கு எதிரே தனித்து அமர்ந்தவரின் நிலையை இப்போது எண்ணிப் பாருங்கள். கேள்வி கேட்கலாம்; ஆனால் ஒரு தீர்மானம் விவாதிக்கப்படுதற்கு எதிர்த்தரப்பாரில் ஒருவர் மனமிரங்க வேண்டும். 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சியார் இருவராயினர். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். 94க்கு எதிரே 2 என்பது அற்பத் தொகைதான். எனினும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் இரண்டுக்கும் நூற்றுக்கும் இடையே இல்லை.

பெரும்பான்மையாரில் ஒருவர் எழுந்து, "இத்தீர்மானத்தை நான் எதிர்த்தே வாக்களிப்பேன், ஆயினும் இது விவாதிக்கப்படுதற்காக வழிமொழிகிறேன்" என்று கூறுவாராயின், அவரைக் கட்சித் துரோகி என்பதா, சபையின் மானத்தைக் காத்தவர் என்பதா? பின்னதே சரியென்போம். அதே நகரசபையின் முதற் பெண் அங்கத்தினர் மார்கரெட் ஆஷ்டன்; 1908ஆம் ஆண்டில் தெரிந்தெடுக்கப்பட்டார். ஏழைத் தாய்மாரின் நலனுக்கும் குழந்தைகளின் நலனுக்கும் ஓயாது உழைத்தார். 1914ஆம் ஆண்டில் மூண்ட பெரும்போரை அவர் எதிர்த்தார். அக்குற்றத்தைப் பலர் மன்னிக்கவில்லை. பிற்காலத்தில் அன்பர்கள் அவருடைய உருவப்படத்தை நகரக் கலைக்கூடத்துக்கு வழங்க முன்வந்தபோதும் அது மறுக்கப்பட்டது. இன்று அவர் பெயரை அந்நகரம் பெருமையுடன் சொல்கிறது. எதிர்த்துப் பேசியவரைக் காலஞ்சென்ற பின் போற்றுவது எளிது. அவர் எழுந்து நிற்கும் நாளில் அவர் சொல்லைக் கேட்பதே அரிது.

இந்நாட்டில் நகரசபைத் தேர்தல்கள் 1965ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் நியமன முறை நிலைபெற்றது. ஆகவே நம் தலைமுறையினர் நகரசபைக்கு வாக்களித்து அறியோம். ஆயினும் கூட்டுறவுச் சங்கம், பள்ளி வாரியம், ஆலய நிர்வாகம், தொழிற்சங்கக் கிளை என்று நாம் அமரும் சபைகள் உண்டு. அன்பர்களே, அடுத்த பொதுக்கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் தனியே எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவருவார். எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பர். "வழிமொழிபவர் உண்டா?" என்று தலைவர் கேட்பார். அவ்வேளையில் உங்கள் கையை உயர்த்துங்கள். பின்னர் அவர் சொன்னது தவறென்று கண்டால் அதே கையால் எதிர்த்து வாக்களியுங்கள்.