வாசிக் காசும் தடுப்பூசி வரிசையும்

பற்றாக்குறைக் காலத்தில் ஒரு பொருளைப் பங்கிடுபவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது ஒன்று. இவருக்கு ஏன் முதலில், அவருக்கு ஏன் பிறகு என்பது மற்றது. கொரோனாத் தடுப்பூசி விடயத்தில் முதற் கேள்விக்கு இலங்கை அரசு சொன்ன பதில் மோசமானதல்ல. 2021 முடியும்போது நாட்டு மக்களில் 60 வீதத்துக்கும் அதிகமானோர் இரண்டு ஊசியும் போட்டு முடித்திருந்தார்கள். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சிறு நாட்டுக்கு அது சாதனைதான். இரண்டாவது கேள்விக்கோ தெளிவான பதில் வரவேயில்லை. வந்த பதில்களும் மாதத்துக்கு மாதம் மாறின. யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறைப் பக்கத்து மனக்குறையை ‘ஊசி பிந்தி வந்தது’ என்று மட்டும் எழுதி முடித்தால் பாதிதான் சொன்னதாகும். பிந்தி வருவதை இந்த மண் போர்க்காலம் முழுவதும் சகித்திருக்கிறது. ஏன் பிந்தியது என்று கேட்டபோது யாரும் பதில் சொல்லாததுதான் மனதில் தைத்தது. தட்டுப்பாட்டில் அறம் என்பது கொடுப்பதோடு முடிவதில்லை, கொடுக்கும் ஒழுங்குக்கான காரணத்தைக் கடைசியில் நிற்பவருக்கும் சொல்வதில்தான் அது நிறைவு பெறுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2021 ஜனவரி 28ஆம் திகதி இந்தியா அன்பளிப்புச் செய்த 5 இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகள் கொழும்பில் வந்திறங்கின. சுகாதாரப் பணியாளர்களுக்கும் படையினருக்கும் முதலில் போடப்பட்டது. பெப்ரவரியில் மேல் மாகாணத்துப் பொதுமக்களின் முறை வந்தபோது 30 முதல் 60 வயது வரையானோருக்கு முன்னுரிமை என்றார்கள். உலகின் பல நாடுகள் முதியோரிடமிருந்து தொடங்கிய காலம் அது. பிறகு இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. முதல் ஊசி போட்ட ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மே மாதம் மொரட்டுவையில், தான் ஒப்பமிட்ட துண்டு வைத்திருப்பவர்களுக்கே ஊசி போட வேண்டும் என்று மாநகர முதல்வர் வைத்திய அதிகாரியோடு முரண்பட்டுக் கைதானார். மருத்துவர்களின் குடும்பத்தினருக்கு முன்னுரிமை கிடைத்தது. ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் எங்கள் குடும்பங்கள் என்ன பாவம் செய்தன என்று கேட்டன. ஓகஸ்டில் டெல்டா அலை அடித்து நாளொன்றுக்கு 200க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர்களில் பெரும்பாலானோர் 60 வயதைக் கடந்தவர்களாக இருந்தார்கள். யாருக்கு முதலில் என்ற கேள்வி வெறும் மரியாதைப் பிரச்சினையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யாழ்ப்பாண மாவட்டத்துக்குப் பொதுமக்களுக்கான முதற் தொகுதி மே மாத இறுதியில்தான் வந்தது. ஏறத்தாழ 6 இலட்சம் பேர் வாழும் மாவட்டத்துக்கு 50,000 சினோபாம் ஊசிகள். தொற்று அதிகமான கிராம அலுவலர் பிரிவுகளைத் தெரிந்தெடுத்துப் போட்டார்கள். அந்தத் தெரிவில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் எந்தக் கணக்கை வைத்து எங்கள் பிரிவு விடுபட்டது, அடுத்த தொகுதி எப்போது, அதில் எங்களுக்கு இடம் உண்டா என்பதைத் தெரிந்துகொள்ள ஊர்ச் சனத்துக்கு வழியிருக்கவில்லை. இதன் பின்னணியையும் மறக்கக்கூடாது. தொற்றுத் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்குத் தலைமை தாங்கியவர் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. சுகாதாரத்தைப் படைத்தரப்பின் வாயால் கேட்பது வடக்குக்கு இலேசான காரியமல்ல. அதற்கு முன்பே, 2021 பெப்ரவரி வரை ஏறத்தாழ ஓராண்டாக, கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை அவர்களின் சமயத்துக்கு மாறாக அரசு எரித்து வந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்று சொல்லப்பட்ட காரணத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் ஆதாரம் இல்லை. பெப்ரவரி 7ஆம் திகதி பருத்தித்துறைக்கு அருகே பொலிகண்டியில் வந்து முடிந்த பொத்துவில் தொடக்கம் பொலிகண்டி வரையான உரிமைப் பேரணியின் கோரிக்கைகளில் அந்த எரிப்பை நிறுத்துவதும் ஒன்று. அம்மாத இறுதியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. பொய்க் காரணம் சொல்லிப் பழகிய வாய், மெய்க் காரணத்தைச் சொன்னாலும் உடனே நம்பப்படுவதில்லை. அப்படிப்பட்ட வாய் காரணமே சொல்லாதபோது சனம் என்ன நினைக்கும்?

இந்தச் சிக்கலைச் சைவ மரபு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் கேட்டவர்களுக்குத் திருவீழிமிழலைக் கதை தெரியும். மழை பொய்த்துப் பஞ்சம் வருகிறது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அங்கே தங்கி அடியாருக்கு அமுதளிக்க, இறைவன் இருவருக்கும் நாளுக்கு ஒவ்வொரு பொற்காசு வைக்கிறார். நாவுக்கரசரின் மடத்தில் உரிய நேரத்தில் பந்தி நடக்கிறது. சம்பந்தரின் மடத்தில் பிந்துகிறது. ஏனென்று சம்பந்தர் விசாரிக்கிறார். நாவுக்கரசரின் காசைக் கடைக்காரர் அப்படியே ஏற்கிறார்கள், உங்கள் காசுக்கு வாசி (தரக்குறைவுக்கான கழிவு) கேட்கிறார்கள், அந்தப் பேரத்தில் நேரம் போகிறது என்கிறார்கள் சமையற்காரர். நாவுக்கரசர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்கிறவர், அதனால் அவர் காசு நல்ல காசு என்பதைச் சம்பந்தர் விளங்கிக்கொள்கிறார். பிறகு, தன் காசின் குறையையும் நீக்கித் தரும்படி இறைவனைப் பாடிக் கேட்கிறார்; அதன்பின் அவருக்கும் நல்ல காசு கிடைக்கிறது.

இக்கதையில் மூன்று செய்திகள் கவனிக்கத் தக்கவை. சைவ மரபு சம்பந்தரைச் சற்புத்திர மார்க்கத்துக்கும் நாவுக்கரசரைத் தாச மார்க்கத்துக்கும் உதாரணமாகச் சொல்லும்: ஒருவர் பிள்ளை, மற்றவர் தொண்டர். பஞ்சத்தில் நல்ல காசு பிள்ளைக்குப் போகவில்லை, தொண்டருக்குப் போனது. உறவு முன்னுரிமைக்குக் காரணமாகாது, உழைப்பு ஆகலாம். இரண்டாவது, வேறுபாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது; அது விசாரித்தால் விளங்கக்கூடியதாகவும் இருந்தது. மூன்றாவது, இறைவன் செய்த பங்கீட்டைக்கூட ஏனென்று கேட்கலாம். சம்பந்தர் கேட்டது பக்திக் குறைவாக எண்ணப்படவில்லை. நாவுக்கரசருக்கு முன்னே எனக்குத் தா என்று அவர் கேட்கவுமில்லை. தன் மடத்தில் பசித்திருந்த அடியாருக்காகக் குறையை நீக்கச் சொன்னார். இறைவனிடமே கேட்கலாம் என்றால், சுகாதார அமைச்சிடம் கேட்பது எப்படிக் குற்றமாகும்?

இந்த அளவுகோலை மருத்துவர் குடும்பங்களின் விடயத்தில் வைத்துப் பார்க்கலாம். மருத்துவர் வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகக்கூடும், வீட்டார் நோயுற்றால் அவர் பணிக்கு வரமுடியாது என்ற வாதம் பொய்யல்ல. ஆனால் அதே வாதம் வீடு வீடாகச் சென்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், குடும்பநல உத்தியோகத்தருக்கும், பருத்தித்துறை மந்திகை வைத்தியசாலையின் சிற்றூழியருக்கும் அப்படியே பொருந்தும். ஒரு காரணம் நியாயமானதா என்று அறிய எளிய வழி, அது வேறு யாரையெல்லாம் உள்ளே அழைக்கிறது என்று பார்ப்பது. தன்னைச் சொன்னவரோடு நின்றுவிடும் காரணம் சலுகை மட்டுமே. மொரட்டுவைத் துண்டு இந்தச் சோதனையில் தொடக்கத்திலேயே தோற்றது, ஏனென்றால் அதில் ஒப்பத்தைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் நம் மண்ணில் அதிகம் கேட்பது வினை பற்றியது. யாருக்கு எது எப்போது வரும் என்பது அவரவர் வினைப்படி, வரிசையைப் பற்றி ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும் என்பார்கள். சைவசித்தாந்தம் இவ்வளவு சுருக்கமாகப் பேசுவதில்லை. சஞ்சிதம் (சேர்ந்து கிடப்பது), பிராரத்தம் (இப்போது அனுபவிப்பது), ஆகாமியம் (புதிதாக ஈட்டுவது) என்று அது வினையை மூன்றாகப் பகுத்தது. பிந்தி ஊசி பெற்றவரின் துன்பம் அவருடைய பிராரத்தமாக இருக்கலாம். ஆனால் செல்வாக்கால் முந்தியவரும், முந்தவிட்ட அதிகாரியும் அந்தக் கணத்தில் புதிய வினையை ஈட்டுகிறார்கள். அது அவர்களின் ஆகாமியம். அனுபவிப்பவரின் வினையைக் காட்டிச் செய்தவரின் வினையை அழிக்கச் சித்தாந்தத்தில் இடமில்லை. அப்படி அழியுமானால், கன்றின் சாவு அதன் விதி என்று சொல்லி மனுநீதிச் சோழன் மகனை வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். நோய்க்கு முன்னால் விதியை நினைப்பது ஆறுதலாக இருக்கக்கூடும். பங்கீட்டுக்கு முன்னால் விதியை நினைப்பது பங்கிடுபவருக்கு மட்டுமே வசதி.

அடுத்த மறுப்பு நடைமுறை சார்ந்தது. தீப்பற்றிய வீட்டில் யாரை முதலில் தூக்குவது என்று கூட்டம் வைத்து விளக்க நேரமில்லை, வேகமே நீதி என்பார்கள். வேகத்தின் பெறுமதியை மறுக்க முடியாது. ஆனால் காரணத்தை வெளியிட எவ்வளவு நேரம் வேண்டும்? பிரித்தானியாவில் 2020 டிசெம்பரிலேயே 9 பிரிவுகள் கொண்ட முன்னுரிமைப் பட்டியல் வெளியானது. லண்டனில் 61 வயதில் இருந்த ஒரு வடமராட்சிக்காரர் தான் ஏழாவது பிரிவு என்பதையும், தனக்கு முன்னே நிற்போர் யார், ஏன் என்பதையும் அறிந்துகொண்டு காத்திருந்தார். பருத்தித்துறையில் அதே வயதில் இருந்தவருக்கு அந்த அறிவு கிடைக்கவில்லை. பட்டியலை வெளியிட்டதால் பிரித்தானியாவின் வேகம் குறைந்துவிடவில்லை. நம் நாட்டிலேயே பின்னர் ஒரு சான்று கிடைத்தது. 2022இல் எரிபொருளுக்காகச் சனம் நாட்கணக்கில் வீதியில் கிடந்தது. தேசிய எரிபொருள் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர் மட்டுமே. கிடைத்தது கொஞ்சம், ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற விதி எல்லோர் கைத்தொலைபேசியிலும் இருந்தது. வரிசைகள் சுருங்கின. பொருளைப் பெருக்க முடியாத அரசும் விதியைத் தெளிவாக்க முடியும் என்பதற்கு அது போதும்.

மூன்றாவது மறுப்பு மனதைத் தொடுவது. படுக்கையில் இருக்கும் தாய்க்காக மகன் தெரிந்த அதிகாரியிடம் ஒரு சொல் சொன்னால் அது பாவமா? பெற்றோரைக் காப்பதும் அறந்தானே? அறந்தான். ஆனால் அந்தச் சொல்லை இரண்டு விதமாகச் சொல்லலாம். படுக்கையில் இருக்கும் முதியோருக்கு வீட்டுக்கு வந்து ஊசி போடுங்கள் என்று கேட்டால், அந்தக் கோரிக்கை ஊரிலுள்ள எல்லாத் தாய்மாருக்கும் வழி திறக்கிறது. என் அம்மாவுக்கு மட்டும் பார்த்துச் செய்யுங்கள் என்றால், அது இன்னொரு தாயின் இடத்தை எடுக்கிறது. மகன் மீதான பழியைக் குறைக்க ஒன்று சொல்லலாம்: முறையான வழி இருந்திருந்தால் அவர் குறுக்குவழியைத் தேடியிருக்கமாட்டார். வெளிப்படையான ஒழுங்கு இல்லாத இடத்தில் நல்ல பிள்ளைகளும் குறுக்கே புகவேண்டி வருகிறது. ஆகவே அந்தக் குற்றத்தின் பெரும்பங்கு ஒழுங்கை மறைத்தவர்களைச் சாரும்.

இந்த நியாயத்தைக் கொழும்போடு நிறுத்தவும் கூடாது. 2021 ஓகஸ்டில், ஏழை நாடுகளுக்கு முதல் ஊசியே கிடைக்காதபோது மூன்றாவது ஊசி போடுவதைத் தள்ளிவையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் செல்வந்த நாடுகளைக் கேட்டார். அவை பெரும்பாலும் செவிசாய்க்கவில்லை. நம்மவர்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. ஒரே குடும்பத்தில் கனடாவில் இருந்தவருக்கும் புலோலியில் இருந்தவருக்கும் இடையே ஓடிய கோடு அது. சினோபாம் போட்டவரைத் தடுப்பூசி போட்டவராகக் கனடாவும் பிரித்தானியாவும் ஏற்க 2021 நவம்பர் ஆயிற்று. வடக்கில் சனம் தெரிந்தெடுத்துப் போட்ட ஊசியல்ல அது, கிடைத்ததைப் போட்டார்கள். கொடுத்ததைப் போட்டுக்கொண்டவர் வாசற்படியில் நிறுத்தப்பட்டார். வாசிக் காசின் பேரத்தில் பசித்திருந்தது அடியார்கள்தான் என்பதை இங்கும் நினைக்கவேண்டும்.

இவை எல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியம் என்று கடைசியாகச் சொல்லக்கூடும். அதற்கு இந்த நாட்டின் வரலாறே மறுமொழி. 1990களின் நடுப்பகுதி தொடக்கம், யுனிசெப் இடைநின்று பேச, அரசும் விடுதலைப் புலிகளும் குறித்த நாட்களில் துப்பாக்கிகளை நிறுத்திப் போலியோச் சொட்டு மருந்துக்கு வழிவிட்டார்கள். விதி ஒன்றுதான்: 5 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும். யார் பிள்ளை, எந்தப் பக்கத்துப் பிள்ளை என்ற கேள்வி அதில் இருக்கவில்லை. ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த இரு தரப்பும் அந்த விதியை ஏற்க முடிந்ததற்குக் காரணம், அது எவருக்கும் விளங்கக்கூடியதாகவும் எவரையும் விலக்காததாகவும் இருந்ததுதான். போரில் முடிந்தது சமாதானத்தில் முடியாது என்பதை ஏற்க முடியாது. அடுத்த கொள்ளைநோய் வருமுன், முன்னுரிமைப் பட்டியலும் அதற்கான காரணமும் முறைப்பாட்டுக்கான வழியும் ஒவ்வொரு கிராம அலுவலர் பணிமனையிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் தமிழிலும் சிங்களத்திலும் தொங்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதைக் கேட்கும் உரிமையை ஒவ்வொரு குடிமகனுக்கும் தந்திருக்கிறது. கேட்பது அவநம்பிக்கையுமல்ல, அடங்காமையுமல்ல. கேளுங்கள்.