இளைஞர் ஒழுக்கமும் சைவாசிரியர் கடனும்

சிவமயம்

சைவப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் பெரும்பணியை மேற்கொண்ட ஆசிரியர்களே!

ஆன்மாவின் இயல்பு யாது என வினவின், சார்ந்ததன் வண்ணமாதல் என்று நம் சித்தாந்தம் விடையிறுக்கும். படிகத்தின் அருகே செம்மலரை வைப்பின் அது செந்நிறம் காட்டும். நீலமலரை வைப்பின் நீலநிறம் காட்டும். ஆன்மாவும் அவ்வாறே தான் சார்ந்ததன் தன்மையாய் நிற்கும். இதனை நீங்கள் மாணாக்கருக்குப் பன்முறை கற்பித்திருப்பீர்கள். அக்கொள்கையை இன்று நம் இளைஞர் நிலைக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். இக்காலத்துப் பிள்ளைகள் கெட்டொழிந்தனர் என்று வருந்துவோர் பலர். படிகம் கறுத்தது என்று சொல்லுமுன், அதனருகே கரியை வைத்தது யார் என்று வினவுதல் நம் கடனன்றோ? இவ்வினாவைக் கொத்மலையில் வைத்து ஆராய்வாம்.

கொத்மலை, நுவரெலியா மாவட்டத்தின்கண் உள்ளது. மலைச்சரிவெங்கும் தேயிலை, கீழே 1985ஆம் ஆண்டில் அணை கட்டி நிறைவேறிய பெருநீர்த்தேக்கம், றம்பொடையில் வீழும் அருவிகள், பூண்டுலோயா, லபுக்கலை முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்கள். வழிச்செல்வோர் இவற்றைக் கண்டு மகிழ்ந்து செல்வர். அத்தோட்டங்களிற் பிறந்த பிள்ளையின் அருகே இருப்பன யாவை என்று அவர் நின்று பார்ப்பதில்லை. நாம் பார்ப்போம்.

முதலாவது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் வெள்ளையர் காலத்தில் எழுந்த காம்பிராக்களிலே இன்றும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பாட்டனும் பாட்டியும் பெற்றோரும் பிள்ளைகளும் அங்கேயே உண்டு உறங்குதல் வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மூலையும் தனியே கிடையாது. இரண்டாவது வறுமை. விடியலிற் பெரட்டுக்களத்திற்குச் சென்று, அட்டைக் கடியும் மழையும் பொறுத்துக் கொழுந்தெடுக்கும் தாயின் நாட்கூலி ஆயிரம் ரூபாயாவதற்கே 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது பிரிவு. தாய் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்ல, தந்தை கொழும்பிலே கூலிக்கு நிற்க, பாட்டியின் கையில் வளரும் பிள்ளைகள் பலர். நான்காவது சாராயக்கடையும், அதற்குப் பணமில்லாதார்க்குக் கசிப்பும். இவற்றோடு இப்பொழுது புகையிலை கலந்த பாக்குப் பொட்டலங்களும், ஐஸ் என்னும் கொடிய நஞ்சும், கைப்பேசியினூடே வரும் சூதும் கடனும் சேர்ந்துள்ளன. பதினைந்து வயதுப் பிள்ளை சார்ந்து நிற்பதற்கு நம் சமுதாயம் வைத்தவை இவை.

நாட்டிற் சட்டம் இல்லையோ எனின், உண்டு. இருபத்தொரு வயது நிரம்பாதார்க்கு மதுவும் புகையிலையும் விற்றலை 2006ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. பதினாறு வயது வரை பிள்ளைகள் பாடசாலையில் இருத்தல் வேண்டும் என்று 2016இல் விதிக்கப்பட்டது. வேலைக்கு அமர்த்தும் வயதின் எல்லையும் 2021இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலை மாதத்திலேதான், கொழும்பில் ஒரு வீட்டிற்கு வேலைக்குச் சென்ற மலையகத்துச் சிறுமி ஒருத்தி எரிகாயங்களோடு உயிர்நீத்த செய்தி கேட்டு நாடு முழுவதும் நடுங்கிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. பிள்ளையோ பாடசாலையில் இல்லை. ஒரு பெயர் வரவுப் புத்தகத்திலிருந்து நீங்கிய நாளில் அவளைத் தேடிச் சென்றவர் உண்டோ என்னும் வினா, சட்டத்தை நோக்கியதன்று; நம்மை நோக்கியது.

நிற்க. மேற்கூறிய குடியும் சூதும் நோயின் குறிகளேயன்றி நோயின் வேர் ஆகா. வேர் யாது எனின், இகழ்ச்சி என்க. இம்மக்களின் முன்னோர் தென்னாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையேறி, காட்டுவழியே நடந்து இம்மலைகளை அடைந்தனர். வழியில் மாண்டோர் எண்ணற்றவர். அவர் கோப்பிக்கும் பின்பு தேயிலைக்கும் உழைத்த உழைப்பினால் நாடு செழித்தது. அங்ஙனமாகவும், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருள் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கை அவரை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சினோர்க்கு உரிமை முற்றும் வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. அரசுரிமை வந்த பின்னும், மதிப்பு வந்து சேரவில்லை. "தோட்டக்காட்டான்" என்னும் சொல் இன்னும் வழங்குகின்றது. கொழும்புக் கடையில் வேலைசெய்யும் இளைஞனை ஊர் எது என்று கேட்டால், நுவரெலியா என்பான். தோட்டத்தின் பெயரைச் சொல்லான். தன் தாயின் கூடையை நாணுகின்ற பிள்ளை எதனைப் பற்றி நிமிர்ந்து நிற்பான்? நாணத்தை மறக்கக் குடிக்கின்றான்; பிறன் போலத் தோன்றக் கடன்படுகின்றான்.

அவ்விகழ்ச்சிச் சொல் கடைத்தெருவில் மாத்திரம் பிறக்கின்றதோ? வகுப்பறையிலும் பிறப்பதுண்டு. கணக்குத் தவறிய பிள்ளையை நோக்கி, நீ கொழுந்தெடுக்கத்தான் தகுதி என்று ஓர் ஆசிரியர் சொல்வாராயின், அவர் ஒரே வாக்கியத்தால் அப்பிள்ளையின் கல்வியையும் அவன் தாயின் உழைப்பையும் சேர்த்து இழித்தவராவர். யான் உயர்ந்தேன், இவன் தாழ்ந்தான் என்னும் அவ்வெண்ணமே ஆணவத்தின் செயல். ஆணவத்தைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிவிட்டு அதனையே நாவிற் சுமந்து நிற்றல் சைவாசிரியர்க்குத் தகுமோ?

சிலர் இதற்கும் ஒரு சமாதானம் கூறுவர்: இவர் துன்பம் இவர் முன்செய்த கன்மம் என்பர். அன்பர்களே, கன்மக் கொள்கை, ஒருவன் தன் செயலைத் தானே ஆராய்ந்து திருந்துதற்குச் சொல்லப்பட்டது; பிறன் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்றற்குச் சொல்லப்பட்டதன்று. லயத்திற்குப் பதில் வீடும், வீட்டிற்கு நிலமும், உழைப்பிற்கு ஏற்ற கூலியும் கேட்பது அறமேயாம். நம் பிரசங்கம் அவற்றிற்கு ஈடாகாது. கூலி உயர்த்துதல் ஆசிரியர் கையில் இல்லை. இகழ்ச்சியை ஒழித்தல் அவர் கையில் உண்டு. கையில் உள்ளதைச் செய்யாது, இல்லாததைக் காட்டித் தப்புதல் கூடாது.

இனி, இவ்விளைஞர் திருந்துவரோ என்று ஐயுறுவார்க்கு ஒரு காட்சி காட்டுவேன். மாசி மாதத்து அமாவாசை கழிந்ததும் தோட்டந்தோறும் காமன் கம்பம் நட்டுக் கூத்துத் தொடங்குவர். சிவபெருமானுடைய யோகத்தைக் கலைக்க வந்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்ததும், இரதி புலம்பி வேண்டியதும் அக்கூத்தின் கதை. மன்மதனாகவும் இரதியாகவும் வேடம் புனைவோர் தோட்டத்து இளைஞரே. அவர் காப்புக் கட்டிய நாள் முதல் மதுவும் மாமிசமும் நீக்கி, உடலும் உள்ளமும் தூயராய் நோன்பிருப்பர். அவரைக் காவல் செய்வதற்கென்று ஒருவர் ஏவவில்லை. ஊர் தம்மை நம்பி ஒரு தெய்வக் கடமையை ஒப்பித்தது என்ற நினைவே அவர்க்குக் காவல். நேற்று வரை உருப்படாதவன் என்று தள்ளப்பட்டவனே இன்று விரதம் காக்கின்றான். அவனிடத்தே மனவுறுதி இல்லையென்று எவர் கூறுவர்? அவனுக்கு வேண்டுவது வசையன்று. மதிப்புடைய ஒரு பணி. காமனை எரித்த கதையை ஆடும் அவனை, கூத்து முடிந்த மறுநாளே கள்ளுக்கடை வாயிலிற் கைவிடுதல் நம் பிழையன்றி அவன் பிழையன்று.

திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றை இவ்விடத்து நினைமின். இளமையில் பெற்றோரை இழந்தவர். அறஞ்செய்து, பின் வேறு நெறி நாடி வீட்டை நீங்கியவர். சூலைநோயால் வருந்தித் தமக்கையாரை நினைத்தவர். திலகவதியார், தாம் அவ்விடத்துக்கு வாரேன் என்று மறுத்தனர்; ஆனால் வந்த தம்பியை மறுத்திலர். திருவதிகையில் அவர் அடிவீழ்ந்தபோது பழைய கணக்கு ஒன்றும் கேளாது திருநீறு அளித்துத் திருக்கோயிலுட் புகுவித்தார். கொள்கையில் உறுதி, வந்தவரிடத்து அன்பு என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே ஆசிரியத்தன்மை. மீண்ட அத்தம்பியார் பின்பு கையில் ஏந்தியது யாது? உழவாரப்படை. கோயில் வீதியிற் புல் செதுக்கிய கருவி அது. அதனை ஏந்திய கையை நாம் வணங்குகின்றோம். அதுபோன்ற கருவியைப் பிடித்து மலையில் நிற்கும் தந்தையின் கையை இகழ்கின்றோம். சேக்கிழார் பெருமான் வேடரையும் வண்ணாரையும் குயவரையும் நாயன்மாராகப் பாடியது, ஏட்டில் வைத்துப் பூசிக்கவோ, நாட்டில் வைத்து நடக்கவோ?

ஆசிரியர்கள் உடனே செய்யத்தக்கன சில கூறுவேன்.

முதலாவது, மூன்று நாள் தொடர்ந்து வாராத பிள்ளையின் லயத்துக்கு ஆசிரியர் நேரிற் சென்று வினவுதல் வேண்டும். சாதாரணதரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களே பெருங்கண்ணி. அவ்விடைக்காலத்தில் கொழும்புக்குச் சென்றவர் பலர் திரும்பிப் படிப்பதில்லை. கோயில் மண்டபத்திலே மாலை வகுப்பும், கணினியும் தொழிலும் பயில வழியும் அம்மாதங்களுக்கு ஆயத்தம் செய்தல் வேண்டும். விளக்கெரியும் ஒரு மண்டபம், லயத்தில் மூலை இல்லாத பிள்ளைக்கு மூலையாகும்.

இரண்டாவது, கோயில் திருவிழாவிலே மது நுழையாதிருக்கத் தோட்டத் தலைவரோடும் கோயிற் சபையாரோடும் பேசி முடிவு செய்தல் வேண்டும். மாரியம்மன் தேர் செல்லும் வீதியிற் பெரியோர் தள்ளாடி நடப்பாராயின், பஞ்சமாபாதகங்களைப் பற்றி வகுப்பிற் படிப்பித்த பாடம் அன்றே அழிந்தொழியும்.

மூன்றாவது, கண்டிப்பை அறிந்து செய்தல் வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்வோர், அது மீண்டும் துளிர்த்தற்கு மூச்சாக ஒரு கிளையை வெட்டாது விடுதலை நீங்கள் கண்டிருப்பீர்கள். பிள்ளையின் குற்றத்தைக் கடியும்பொழுது அவன் மானமாகிய கிளையை விட்டுவைமின். அதனையும் வெட்டின் செடி பட்டுப்போம்.

நான்காவது, மாணாக்கர் தம் முன்னோர் வரலாற்றை அறியச் செய்தல் வேண்டும். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே பலர் நடந்தனர். வட்டகொடை மடக்கும்பரைத் தோட்டத்திலே 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, அம்மக்கள் வாழ்வை உலகறிய எழுதினார். இவற்றை அறிந்த பிள்ளை, ஊர் எது என்று கேட்பார்க்குத் தோட்டத்தின் பெயரை நாணாது கூறுவான்.

சைவாசிரியர்களே! நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த காலத்தில், இம்மக்களின் பாட்டனார் மலைக்காட்டை வெட்டிக்கொண்டிருந்தனர். அன்று ஏற்றிய விளக்கின் ஒளி இம்மலைகளுக்கு மிகத் தாமதித்தே வந்தது. இனியும் தாமதித்தல் தகாது. பிள்ளை சார்ந்ததன் வண்ணமாவான். அவன் சார்தற்குரிய நன்பொருளாய் முதலில் நிற்க வேண்டியவர் நீங்கள். நாளை வரவுப் புத்தகத்தைத் திறக்கும்பொழுது, விடை வாராத பெயர் எதுவோ அதனிடத்திற் சிறிது நின்று, மாலையில் அவ்வீட்டுக்கு நடந்து செல்வீர்களாயின், அந்நடையே சிவபூசையாகும்.

திருவருள் முன்னிற்க.

சிவம்.