நெருக்கடியில் இருப்பவரின் சொல்

மனம் நிலைகுலைந்த ஒருவருக்குச் சிகிச்சை தேடும்போது, மற்ற நோய்களில் பெரும்பாலும் எழாத ஒரு சிக்கல் எழுகிறது. கால் முறிந்தவரிடம் அறுவைச் சிகிச்சை செய்யலாமா என்று கேட்டால் அவர் யோசித்துப் பதில் சொல்வார்; முறிவு காலோடு நிற்கிறது. மனநோயின் உச்சத்தில் இருப்பவருக்கோ யோசிக்கும் இடத்திலேயே நோய் புகுந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அவர் சொன்னால், அது அவருடைய சொல்லா, நோயின் சொல்லா? நள்ளிரவில் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வீட்டார் விடை தேட வேண்டியிருக்கிற மெய்யியல் கேள்வி இது.

மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட, சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு பாலம் வருகிறது. இடிந்துவிழப்போகிற பாலத்தில் ஒருவர் கால்வைக்கப் போகிறார், எச்சரிக்க நேரமில்லை. அவரைப் பிடித்து நிறுத்தினால் சுதந்திரத்தைப் பறித்ததாகாது, ஏனென்றால் ஆற்றில் விழுவது அவர் விருப்பமல்ல என்கிறார் மில். அபாயம் உறுதியாக இல்லாத இடத்தில் எச்சரித்தால் போதும், தடுக்கக் கூடாது. ஆனால் குழந்தைகளும் சித்தம் கலங்கியவர்களும் இதற்கு விலக்கு. இந்தச் சிறிய விலக்குக்குள் எத்தனையோ பேரின் வாழ்நாள் அடைபட்டுப்போனது. பாலத்தருகே ஒரு நிமிடம் பிடித்து நிறுத்துவதற்கான நியாயத்தைக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பதையும் நியாயப்படுத்தினார்கள். இதை எதிர்த்து மனநல மருத்துவர் தாமஸ் சாஸ், மனநோய் என்பதே கட்டுக்கதை, பலவந்தச் சிகிச்சை எதுவும் கூடாது என்று 1960களின் தொடக்கத்திலிருந்து வாதிட்டார். கட்டாயத்தின் கொடுமையை அவர் சரியாகவே கண்டார். ஆனால் அவர் வழியில் போனால், பாலத்தின் விளிம்பில் நிற்பவரைத் தனியே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

பலவந்தமில்லாத சிகிச்சை, பலவந்தச் சிகிச்சை இரண்டையும் நோயாளியாக அனுபவித்தவர் எலின் சாக்ஸ். அமெரிக்கரான அவர் 1970களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் மெய்யியல் படித்துக்கொண்டிருந்தபோது நோய் முற்றி, அங்கே மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கு அவரை யாரும் கட்டிப்போடவில்லை. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனபோது மனச்சிதைவு மறுபடி உச்சத்துக்கு ஏறியது. அவசரப் பிரிவில் அவருடைய கைகால்களைத் தோல் வார்களால் கட்டிலோடு பிணைத்து, மருந்தைப் பலவந்தமாகக் கொடுத்தார்கள். அவர் யாரையும் அடித்தவர் அல்லர். 2007இல் வந்த தன்வரலாற்றில் இவற்றையெல்லாம் எழுதியிருக்கிறார்.

கட்டிப்போடுதல் பற்றி மாணவியாக ஆய்வுக் கட்டுரை எழுதியபோது நடந்த ஒன்றையும் சாக்ஸ் சொல்கிறார். கட்டுண்டு கிடப்பது எவ்வளவு இழிவாகவும் அச்சமாகவும் இருக்கும் என்று அவர் கூற, மனநல மருத்துவரான பேராசிரியர் ஒருவர், அந்த நோயாளிகள் நம்மைப் போன்றவர்கள் அல்லர், அதை நாம் உணர்வதுபோல அவர்கள் உணரமாட்டார்கள் என்று பதில் சொன்னாராம். கட்டுண்டவளே தன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. சாக்ஸும் அன்று சொல்லவில்லை. கொடுமைக்காரர் பேசிய பேச்சு அல்ல இது. படித்தவர், நல்லெண்ணத்தோடு சொன்னது. நோயாளியின் சாட்சியம் எண்ணப்படாத இடத்தில் நல்லெண்ணமும் இப்படித்தான் பேசும். அதற்காகச் சாக்ஸ் மருத்துவத்தை வெறுத்து ஒதுக்கவில்லை. மருந்தும் உரையாடல் சிகிச்சையும் நண்பர்களுமே தம்மைக் காத்ததாகச் சொல்கிறார். அவர் எதிர்ப்பது பலவந்தத்தை.

தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்கு முன்பே கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போகின்றன. காத்து கருப்பு, செய்வினை, சாமி குத்தம் என்று காரணம் வெளியே காட்டப்படும்போது நோயாளியின் தலையிலிருந்து பழி இறங்குகிறது. மனநல மருத்துவமனையை வைத்துச் சொல்லும் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்ற ஏச்சுக்கு அஞ்சுகிற குடும்பம் நேர்த்திக்கடனுக்கு வெட்கப்படுவதில்லை. திருச்சிக்கு அருகே குணசீலத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கித் தீர்த்தம் தெளிக்கப்பெறுவது வழக்கம். முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை மருத்துவர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களிடம் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கே விசேஷச் சடங்கு ஏதும் இல்லை. கோயிலின் அன்றாட வேலைகளில் அவர்களும் பங்கெடுத்தார்கள். அச்சுறுத்தாத, ஊர் மதிக்கிற ஓர் இடத்தில் இருக்கக் கிடைத்ததே உதவியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. மருந்து வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி மறுபக்கத்தைக் காட்டியது. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இதை நம்பிக்கையின் குற்றம் என்று மட்டும் எழுதுவது எளிது. ஆனால் யேலின் தோல் வாரும் ஏர்வாடியின் சங்கிலியும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை: இவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. பிரிக்க வேண்டிய கோடு கடவுளுக்கும் மருந்துக்கும் நடுவில் இல்லை. உதவி தேடி வந்தவரின் சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா என்பதில்தான் அது இருக்கிறது.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தக் கோட்டை ஓரளவு எழுத்தில் கொண்டுவந்தது. ஒருவரின் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதால் மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக் கூடாது. சங்கிலியில் கட்டக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. நெருக்கடி வந்தால் தம்மை எப்படிக் கவனிக்க வேண்டும், எப்படிக் கவனிக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். மெய்யியல் முடிச்சுக்கு இது நல்ல விடை: இன்று கலங்கி நிற்பவரின் சொல் ஐயத்துக்குரியது என்றால், நேற்றுத் தெளிவாக இருந்தவரின் சொல் இருக்கிறது.

விடை முழுமையானதல்ல. அந்த முன்கூட்டிய எழுத்து அவசரச் சிகிச்சைக்குப் பொருந்தாது. பொதுவாக 72 மணி நேரம் வரை நீளக்கூடிய அந்தச் சிகிச்சையின்போதுதான் பலவந்தம் நேர வாய்ப்பு அதிகம். மில்லின் பாலம் அங்கே சட்டமாகவே நிற்கிறது. பலவந்தத்தை முற்றிலும் நீக்கவும் முடியாது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டுமே கட்டுப்படுத்தலாம், தேவைக்கு மேல் ஒரு கணமும் கூடாது, முறையும் காரணமும் நேரமும் பதிவாக வேண்டும் என்று சட்டம் வரம்பிடுகிறது. அந்தப் பதிவேட்டில் மருத்துவரின் காரணத்துக்குப் பக்கத்திலேயே, தெளிந்தபின் நோயாளி தம் வாயால் சொல்வதும் எழுதப்பட வேண்டும்: என்ன செய்தார்கள், எது அச்சுறுத்தியது, எது ஆறுதலாக இருந்தது, அடுத்த முறை யாரைக் கூப்பிட வேண்டும் என்று.