வெறும் வயிற்றுச் சர்க்கரை



லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் நாம் இன்று கேட்ட செல்வந்தரை நம் டெல்டாக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். நிலம் நன்றாக விளைந்தது, அதில் குற்றமில்லை. இருக்கிற களஞ்சியத்தை இடித்துவிட்டு இன்னும் பெரிதாகக் கட்டுவோம் என்கிறார். யாரிடமும் கேட்கவில்லை; தன் நெஞ்சோடுதான் பேச்செல்லாம். ‘போதும்’ என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. கடைசியில் கடவுளே சொல்ல வேண்டியதாயிற்று, அதுவும் அன்றிரவே.

இந்தக் களஞ்சியத்தை வைத்து இன்று ஈரலைப் பற்றிப் பேசப்போகிறேன். பூசை முடிந்து வெளியே வரும்போது உங்களில் பலர் கேட்கிற கேள்விதான் காரணம்: “சாமி, ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன். காலையில வெறும் வயித்துல எப்படி நூத்தி அறுபது?”

சர்க்கரை வாய்வழியாக மட்டும் வருவதில்லை. ஈரலும் செய்கிறது. நாம் தூங்கும்போது மூளைக்கு வேண்டியதை அளந்து விடுவது அதன் வேலை. சாப்பிட்டதும் இன்சுலின் வந்து, போதும், நிறுத்து என்று சொல்லும். நீரிழிவில் அந்தச் சொல் ஈரலுக்குச் சரியாகக் கேட்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருக்கும்போதே இன்னும் செய்து கொட்டுகிறது. ஒரு விந்தை பாருங்கள்: சர்க்கரையை நிறுத்து என்றால் கேட்காத அதே ஈரல், கொழுப்பைச் சேர்த்து வை என்றால் மட்டும் தட்டாமல் கேட்கிறது. செல்வந்தரின் புதுக் களஞ்சியம் அங்கே எழும்புகிறது.

அந்தக் கொழுப்பை எரித்துச் சக்தியாக்குவது மைட்டோகாண்ட்ரியா. ஓர் ஈரல் செல்லுக்குள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும்; எல்லாம் தாய்வழியாக நமக்கு வந்தவை. வரத்து கூடும்போது முதலில் அவை சளைக்காமல் கூடுதலாக எரிக்கும். ஆனால் அப்படி எரிக்கையில் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பெருகி, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வையும் அதற்கென்றே உள்ள டிஎன்ஏவையும் அரிக்கும். நாளடைவில் எரிக்கும் திறனே விழுந்துவிடும். பிறகு கொழுப்பு தேங்கும், ஈரல் அழலும், தழும்பேறும். சிலருக்குச் சிரோசிஸ் வரை போகும்.

2009இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், சர்க்கரை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. ஆகவே ஒரு சொட்டும் தொடாத பெண்ணுக்கு ஈரல் கெட்டது என்று கேள்விப்பட்டால், “தெரியாம குடிச்சிருப்பாளோ” என்று கோயில் வாசலில் முணுமுணுக்காதீர்கள். முணுமுணுப்புதான் பாவம், நோய் பாவமல்ல.

உங்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் குனிந்த நம் பாட்டிமார் சட்டிச் சோறு தின்று வயலிலேயே எரித்தார்கள். இப்போது நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வந்து இடுப்பு பிழைத்தது, நல்லதுதான். தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. ரேஷனில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்புக்கும் காய்க்கும் காசு வேண்டும். ஏழையிடம் ‘சோற்றைக் குறை’ என்று மட்டும் சொல்லி அனுப்புபவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. குறைத்த இடத்தில் எதை வைப்பது? இந்த ஆண்டு நம் திருவிழா விருந்தில் சுண்டலும் கீரையும் இருக்கட்டும் என்று பங்குப் பேரவையிடம் சொல்லியிருக்கிறேன். பாயசம் உண்டு, பயப்படாதீர்கள்.

ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடியேற்றம். நடந்து போகிறவர்கள் இப்போதே தயாராவீர்கள். நடப்பது நல்லது. நடக்கிற தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அன்றாடம் நடந்தால் அதில் மைட்டோகாண்ட்ரியா பெருகும், ஈரலின் கொழுப்பும் கரையும். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பதாக நேர்ந்துகொள்ளாதீர்கள். மரத்துப்போன காலுக்குச் சூடும் தெரியாது, ஆணியும் தெரியாது. உங்கள் செருப்பைப் பார்த்து மாதா கோபிக்கமாட்டார். மாதா பார்த்துக்கொள்வார் என்று மெட்ஃபார்மினை வீட்டில் வைத்துவிட்டும் போகாதீர்கள்; ஈரல் சர்க்கரை செய்வதைக் குறைக்கிற மாத்திரை அதுதான். இன்சுலின் போடுகிறவர்கள் பட்டினியாக நடக்க வேண்டாம். பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று இருக்கட்டும். கூட நடப்பவரிடம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.